திங்கட்கிழமை திறக்கவிருக்கும் உன் படிவத்தைப் பற்றி

பிள்ளைக்கு,

தொலைபேசியில் இதைச் சொல்லத் தொடங்கினால் நடுவில் பயந்து வேறு கதைக்குப் போய்விடுவேன் என்பதால் எழுதுகிறேன். எழுதும்போதும் ஒழுங்கு தவறிவிடும் என்ற பயம் இருக்கிறது. ஆகவே, அலுவலகத்தில் நீண்ட அறிக்கைகளுக்குச் செய்வதைப் போல, என்ன சொல்லப் போகிறேன் என்பதை முதலில் இலக்கமிட்டு வைக்கிறேன்.

1. உன் படிவத்தில் பிழை இல்லை. பிழை என்னுடையது.
2. அதை நிரப்பி முடித்துவிட்டதாக நான் உனக்குச் சொன்னது உண்மை அல்ல.
3. அதன் பிறகு நான் வேண்டுமென்றே விட்ட பிழைகளும், அவற்றுக்குப் படிவம் சொன்ன பதில்களும்.
4. அலுவலகத்தில் மற்றவர்களின் பிழைகளை நான் காட்டிய விதம்.
5. நீ புறப்படுவது பற்றிச் சில வார்த்தைகள்.

இதில் மறைக்கவேண்டியது எதுவும் இல்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களும், படிவம் செய்வதைத் தொழிலாகக் கொண்ட மற்றப் பிள்ளைகளும் வாசித்தால் பயன்படும் என்று நீ நினைத்தால் அவர்களுக்கும் காட்டு. பயன்படாது என்று நினைத்தால், கிழவன் பொழுது போகாமல் எழுதியிருக்கிறான் என்று மடித்து வைத்துவிடு. எனக்கு மனக்குறை வராது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பிலிருந்து அந்த இணைப்பை அனுப்பிவிட்டு, "அப்பா, இது கண்புரை ஒப்பரேசனுக்குப் பதியிற படிவம். வயசுபோன ஆக்கள்தான் நிரப்பப்போகினம். நீங்கள் ஒருக்கா நிரப்பிப் பார்த்துச் சொல்லுங்கோ" என்றாய். அறுபது பேருக்கு இலவசமாகச் செய்யப்போகிறார்கள் என்றும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் படிவம் திறக்கும், அறுபது பேர் பதிந்ததும் தானாக மூடிக்கொள்ளும் என்றும் சொன்னாய். நீ தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்த முதலாவது வேலை அது. அடுத்த வியாழக்கிழமை சிங்கப்பூருக்குப் புறப்படுமுன் நீ கொடுத்துவிட்டுப் போகும் கடைசி வேலையும் அதுதான். இத்தனையையும் யோசித்து, கை கால் கழுவிவிட்டு, மேசையில் தொலைபேசியை நேராக வைத்து, அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, பரீட்சை எழுதப்போகிறவனைப் போல உட்கார்ந்தேன்.

பெயர் எழுதினேன். பிறந்த திகதி எழுதினேன். முகவரி எழுதினேன். அடையாள அட்டை இலக்கத்துக்கு வந்தபோது ஒன்பது இலக்கங்களையும் அமத்திவிட்டு, கடைசியில் வரும் ஆங்கில எழுத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. பூச்சியம் முதல் ஒன்பது வரைதான் கண்ணில் பட்டது. எழுத்து எங்கோ ஒரு மூலையில் இருக்கும், எனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து, எழுத்தில்லாமலே மற்றக் கட்டங்களுக்குப் போனேன். எல்லாம் முடிந்து, அடியில் இருந்த 'சமர்ப்பிக்கவும்' என்ற பொத்தானை அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமத்தினேன். ஏழு தரம் அமத்தினேன் என்று பிறகு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். படிவம் அசையவில்லை, போகலாம் என்றும் சொல்லவில்லை, போகக்கூடாது என்றும் சொல்லவில்லை. நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் நீ தொலைபேசியில் எடுத்தாய்.

"அப்பா, முடிச்சீங்களோ?"

"ஓம்."

"கஷ்டமா இருந்ததோ?"

"சீச்சீ, இல்லை. நல்லா இருக்கு."

"ஒண்டும் மாத்தத் தேவையில்லையோ?"

"என்னத்துக்கு மாத்துவான்?"

அம்மா பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. முறிக்கிற சத்தம் நின்றது எனக்குக் கேட்டது. நீ வைத்த பிறகு, "ஏன் பிள்ளைக்குப் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டா. "பொய்யில்லை. நிரப்பினனான்தானே" என்றேன். "அனுப்பினியளோ?" என்றா. நான் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அம்மாவும் அதற்குமேல் கேட்காமல் முறிக்கத் தொடங்கினா. நாற்பது வருடமாக அம்மா என்னைத் திருத்துவது இப்படித்தான். ஒரு கேள்வியோடு நிறுத்திவிடுவா.

ஏன் பொய் சொன்னேன் என்பதையும் எழுதவேண்டும். எனக்கு இடது கண்ணில் கொஞ்சக் காலமாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. நீ பயணம் போகிற நேரத்தில் அதைச் சொல்லி உன்னைக் குழப்பவேண்டாம் என்று அம்மாவும் நானும் பேசி வைத்திருந்தோம். 'எழுத்தைக் காணவில்லை' என்று சொல்லியிருந்தால் நீ உடனே 'கண்ணுக்கு என்ன?' என்று கேட்டிருப்பாய். அதற்குப் பயந்து எல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது குறிப்பு இவ்வளவுதான்.

ஆனால் மனம் அமைதியாகவில்லை. புதன்கிழமை காலை, நீ இங்கே விட்டுப்போன பழைய மடிக்கணினியைத் திறந்து, அதே இணைப்பைப் போட்டு, முதலிலிருந்து நிரப்பினேன். கணினியின் விசைப்பலகையில் எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன. ஒன்பது இலக்கமும் அந்த எழுத்தும் சிரமமில்லாமல் வந்தன. பொத்தானை அமத்தியதும் 'உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, நன்றி' என்று பச்சை நிறத்தில் எழுதியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிள்ளையின் படிவம் சரியாகத்தான் இருக்கிறது, கண்ணும் விரலும்தான் பிழை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். முதலாவது குறிப்பு அப்படித்தான் வந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு ஆசை வந்தது. சரியாக நிரப்பினால் நன்றி சொல்கிறது. பிழையாக நிரப்பினால் என்ன சொல்லும்? நான் வாழ்நாள் முழுவதும் பிழை விடப் பயந்தவன். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கை உயர்த்தாதவன். இப்போது, எவரும் ஏசமாட்டார்கள், எவருடைய வேலையும் கெடாது, நீ தந்தது வெறும் பரிசோதனைப் படிவம் என்ற தைரியத்தில், ஒரு குறிப்புப் புத்தகத்தில் கோடு கீறி, இடப்பக்கம் 'நான் விட்ட பிழை' என்றும் வலப்பக்கம் 'படிவம் சொன்னது' என்றும் தலைப்பிட்டு, இரண்டு நாளாகப் பிழை விட்டேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தா. "முந்தி ஊராற்றை பிழையெல்லாம் பிடிச்சுத் திரிஞ்ச மனுசன். இப்ப இருந்து பிழை விடப் பழகிறார்" என்றா. "இது ஆராய்ச்சி" என்றேன். "ஓம் ஓம், தேத்தண்ணி ஆறுது" என்றா.

பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டேன். 'இந்தப் புலம் கட்டாயமானது' என்றது. கட்டத்தைப் புலம் என்று நம் ஊரில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'உங்கள் பெயரை எழுதுங்கள்' என்றால் என்ன குறைந்துவிடும் என்று யோசித்தேன். பிறந்த வருடத்தை இனி வரப்போகிற ஒரு வருடமாகப் போட்டேன். அதை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. இன்னும் பிறக்காத ஒருவருக்குக் கண்புரை என்று பதிந்திருக்கும். தொலைபேசி இலக்கத்தை, நாங்கள் வாயால் சொல்கிற மாதிரி மூன்று மூன்றாக இடைவெளி விட்டு எழுதினேன். 'செல்லுபடியாகாது' என்றது. இடைவெளிகளை எடுத்ததும் சரி என்றது. அந்த இடைவெளியைப் படிவமே எடுத்துவிடமுடியாதா என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முடியாது என்றால் ஏன் என்று எனக்கு எழுது. உண்மையாகவே அறிய ஆசைப்படுகிறேன். வீட்டு இலக்கம் கேட்ட இடத்தில், இலக்கம் இல்லாததால் 'பிள்ளையார் கோயில் பின் ஒழுங்கை' என்று எழுதினேன். அதைப் பேசாமல் ஏற்றுக்கொண்டது. எங்கள் கரவெட்டியில் வளர்ந்த பிள்ளை செய்த படிவம் என்று அந்த இடத்தில் தெரிந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். எத்தனை பிழை விட்டாலும், நான் சரியாக எழுதியவற்றை அது அழிக்கவில்லை. பிழையான கட்டத்தை மட்டும் திருத்தினால் போதும். இது எவ்வளவு பெரிய இரக்கம் என்பது உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. நான் கந்தோரில் வேலை செய்த காலத்தில் ஒருவருடைய படிவத்தில் ஒரு பிழை கண்டால் புதுப் படிவம் ஒன்றை நீட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சொல்வேன்.

ஏழு தரம் அமத்தியும் அசையாத பொத்தானின் மர்மத்தையும் கண்டுபிடித்தேன். படிவம் பேசாமல் இருக்கவில்லை. பிழை இருப்பதைப் பக்கத்தின் மேல்முனையில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அடிமுனையில் பொத்தானோடு நின்றுகொண்டிருந்தேன். கணினித் திரையில் மேலும் கீழும் ஒன்றாகத் தெரிகின்றன, தொலைபேசியில் தெரிவதில்லை. பின்வாசலில் நிற்கிறவனுக்கு முன்வாசலில் நின்று பதில் சொல்வதைப் போல இருந்தது.

கடைசியாக நிறம். ஒரு கட்டத்தைப் பிழையாக நிரப்பி, சிவப்பு எழுத்து வந்ததும், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். மற்றக் கறுப்பு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. சிவப்பு எழுத்து இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அவ்வளவு மெல்லிய, அவ்வளவு வெளிறிய சிவப்பு. கையை எடுத்தேன், எழுத்து வந்தது. பொத்தினேன், போயிற்று. சின்னப்பிள்ளையைப் போலப் பத்துத் தரம் செய்து பார்த்தேன். கண்புரைக்காகப் பதிகிறவர்களுக்கு வரும் செய்தியை, கண்புரை உள்ளவர்கள் வாசிக்கமுடியாத நிறத்தில் எழுதியிருக்கிறோம் என்று தோன்றியது. கட்டத்தைச் சுற்றித் தடித்த கோடு ஒன்றும், பக்கத்தில் ஒரு அடையாளமும், கறுப்பில் பெரிய எழுத்தும் இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். இது உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். தெரியாததைச் சொல்வதாக நினைத்து எழுதவில்லை.

நாலாவது குறிப்பை எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

முப்பத்தொரு வருடம் நான் செய்த வேலை விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என்று உனக்குத் தெரியும். உன் படிவத்தில் சிவப்பு எழுத்து எதுவோ, அதுவாகத்தான் நான் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு றப்பர் முத்திரை தந்திருந்தார்கள். 'குறைபாடுண்டு. திருப்பி அனுப்பப்படுகிறது.' சிவப்பு மை. என்ன குறைபாடு என்று எழுத முத்திரைக்குக் கீழே இரண்டு வரி வெற்றிடம் இருந்தது. தொடக்கத்தில் அதில் எழுதினேன். பிறகு மேசையில் படிவங்கள் கூடக்கூட, முத்திரையை மட்டும் குத்தத் தொடங்கினேன். படிவத்தை நீட்டும்போது குறையை ஒரே மூச்சில் வாயால் சொல்வேன். "விளங்கினதோ?" என்று கேட்பேன். "ஓம் ஐயா" என்பார்கள். அடுத்தவரைக் கூப்பிடுவேன்.

அப்போது எனக்குப் புத்தூர்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை. சனங்கள் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்திருந்த காலம். வீட்டுக்குக் கூரைத் தகரம் கேட்டு ஒருவர் விண்ணப்பம் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தின் அடியில் கையெழுத்து வைக்கவில்லை. முத்திரையைக் குத்தி நீட்டினேன். "விளங்கினதோ?" "ஓம் ஐயா." அவர் திரும்பி வரவில்லை. வருட முடிவில் அந்த விண்ணப்பக் கோவையை மூடும்போது, 'விண்ணப்பதாரர் அக்கறை காட்டவில்லை' என்று என் கையால் எழுதினேன். அழகான கையெழுத்து என்று மேலதிகாரி சொல்லியிருக்கிறார்.

இரண்டு வருடம் கழிந்திருக்கும். பருத்தித்துறைக்குப் போகிற பஸ்ஸில் புத்தூரில் ஏறிய ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கிளாக்கர் ஐயா எல்லோ?"

"ஓம். நீங்கள்?"

"நான் தகரத்துக்கு எழுதிப்போட்டனான். நீங்கள் தரமாட்டம் எண்டு சிவப்பிலை அடிச்சுத் தந்தனீங்கள்."

"தரமாட்டம் எண்டு நான் சொல்லேல்லையே. அது திருத்திக் கொண்டுவாறதுக்கு. என்ன, ஒரு கையெழுத்துத்தான் குறைஞ்சிருக்கும்."

"கையெழுத்தோ?" என்றார். கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், ஐயா."

கோபமாகச் சொல்லவில்லை. தகவல் தருகிறவரைப் போலச் சொன்னார். இரண்டு மாரியும் கூரையில்லாமல் தறப்பாளுக்குக் கீழே இருந்ததாகச் சொன்னார். பிறகு தோட்டத்தில் வெங்காயம் இந்த முறை பரவாயில்லை என்று பேச்சை மாற்றியவரும் அவர்தான். நான் சங்கடப்படக்கூடாது என்று மாற்றினார் என்று நினைக்கிறேன். இறங்கும்போது "போட்டு வாறன் ஐயா" என்றார்.

திருத்தலாம் என்பதும் கிடையாது என்பதும் வேறு வேறு செய்திகள். என் முத்திரை இரண்டுக்கும் ஒரே நிறத்தில் ஒரே குரலில் பேசியது. அந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒரு வசனம் போதும், எழுத இடமும் இருந்தது. அதற்குப் பிறகு அந்த இரண்டு வரியையும் நிரப்பாமல் நான் ஒரு படிவத்தையும் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அதற்கு முன் திருப்பி அனுப்பியவை எத்தனை, அவர்களில் எத்தனை பேர் 'ஓம் ஐயா' என்று சொல்லிவிட்டுப் போய் வராமல் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. வராதவர்கள் முறைப்பாடு செய்வதில்லை. ஆகவே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. உன்னுடைய தொழிலிலும் அப்படித்தானே இருக்கும் என்று நினைக்கிறேன். படிவத்தை மூடிவிட்டுப் போகிறவர் ஏன் போனார் என்று உனக்குத் தெரியவருமா? தெரிவதற்கு ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா?

ஐந்தாவதைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீ போகிற இடத்தில் எல்லாரும் உன்னைவிடக் கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள். எவராவது 'உன் வேலையில் பிழை இருக்கிறது' என்று சொன்னால், என்னைப் போல முகம் சிவந்து ஓம் என்று சொல்லிவிட்டு வராதே. 'எந்த இடத்தில்?' என்று கேள். 'எப்படி இருந்திருக்கவேண்டும்?' என்றும் கேள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரியாதவர் உன்னைத் திருத்தவில்லை, பயப்படுத்துகிறார். வேறு புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. குளிரூட்டிய அறைகளில் இருப்பாய், ஒரு சால்வை எடுத்துப் போ.

இதுவரைக்கும் நேற்று வியாழக்கிழமை எழுதினேன். கடிதம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இன்று காலை நடந்ததையும் எழுதவேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டுத் தங்கேஸ்வரியை, நீ தங்கேஸ் மாமி என்று கூப்பிடுகிறவரை, அம்மா கூட்டிக்கொண்டு வந்தா. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. சென்ற மாதம் சுடுதண்ணீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றிக் காலைச் சுட்டுக்கொண்டவர் அவர்தான். காயம் இன்னும் ஆறவில்லை. தனிய இருக்கிறார். திங்கட்கிழமைப் பதிவுக்கு முன் ஒருதரம் பழகிப் பார்க்கட்டும் என்று அவருடைய தொலைபேசிக்கு அம்மா இணைப்பை அனுப்பியிருந்தா.

"கிளாக்கர் அண்ணை, உங்கடை மகள் செய்ததெண்டால் எனக்கு முதலாவது இடம் தரவேணும்" என்றார்.

"அதுக்கு நான் பொறுப்பில்லை. முதல் பதியிற ஆளுக்குத்தான்" என்றேன்.

"பாரன் மச்சாள். பென்சன் எடுத்தும் மனுசனுக்குக் கந்தோர்க்குணம் போகேல்லை."

அம்மா கட்டங்களை வாசித்துச் சொல்லச் சொல்ல, தங்கேஸ்வரி தொலைபேசியை மூக்குக்குக் கிட்டப் பிடித்துத் தானே அமத்தினார். பெயர் வந்தது. முகவரி வந்தது. அடையாள அட்டை இலக்கம் அவருக்கு மனப்பாடம். ஒன்பது இலக்கத்தையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அமத்திவிட்டு, "கடைசி எழுத்து எங்கை?" என்றார். அம்மா பார்த்தா. நானும் வாங்கி, வலது கண்ணால் பார்த்தேன். பூச்சியம் முதல் ஒன்பது வரை.

"இல்லாட்டி விடுங்கோ" என்றேன்.

பொத்தானை அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மர்மம் தெரிந்தவன் என்ற பெருமையோடு நான் பக்கத்தை மேலே தள்ளிக் காட்டினேன். அம்மா வாசித்தா. "அடையாள அட்டை இலக்கம் செல்லுபடியாகாது எண்டு வருது."

"செல்லாதோ? என்ரை அட்டையோ?"

"நீங்கள் எங்கேயோ பிழையா அமத்திப்போட்டியள்" என்றேன்.

தங்கேஸ்வரி தொலைபேசியை நிறுத்தினார். மேசையில் இருந்த அட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் தடவிப் பார்த்து, கைப்பைக்குள் வைத்து மூடினார். உனக்கு இது தெரிந்திருக்காது, நீ சின்னப்பிள்ளை. யுத்த காலத்தில், அட்டையில் படம் மங்கியிருக்கிறது என்று சொல்லி, இராணுவச் சோதனைச் சாவடியில் அவருடைய கணவரை ஒருநாள் முழுக்க வீதியோரத்தில் இருத்தி வைத்திருந்தார்கள். தங்கேஸ்வரி விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர். எங்கள் வயதுக்காரர்களிடம் 'உன் அட்டை செல்லாது' என்று சொன்னால், அது ஒரு கட்டத்தைப் பற்றிய செய்தியாகக் காதில் விழுவதில்லை.

"என்ரை நம்பர் உதுக்குள்ளை போயிட்டுதோ?" என்று கேட்டார். "அழிக்கலாமோ?"

"பயப்பட ஒண்டுமில்லை, தங்கேஸ்" என்றா அம்மா.

"இல்லை, எனக்கு உது வேண்டாம். கண் இவ்வளவு தெரியிறது போதும். பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ." எழும்பி, சுவரைத் தடவித் தடவிப் படி இறங்கிப் போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தா. இந்தமுறை கேள்வி கேட்கவில்லை.

நான் என் தொலைபேசியை எடுத்துவைத்து, ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தேன். பெயர்க் கட்டத்தைத் தொட்டால் எழுத்துகள் வருகின்றன. முகவரியைத் தொட்டாலும் வருகின்றன. அடையாள அட்டைக் கட்டத்தைத் தொட்டதும் எழுத்துகள் எல்லாம் மறைந்து, எண்கள் மட்டும் வருகின்றன. விட்டுவிட்டு மறுபடி தொட்டேன். நாலு தரமும் அப்படியே. அந்தக் கட்டத்துக்கு எண் மட்டும் போதும் என்று நீ எங்கோ சொல்லி வைத்திருக்கிறாய் போலும். உன் அட்டையில் இருப்பது பன்னிரண்டு இலக்கம், எழுத்து இல்லை. எங்களுடைய பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்தும். எழுத்தில்லாமல் படிவம் ஏற்காது. எழுத்தை எழுதவும் அது விடாது. நீ கணினியில் பரிசோதித்திருப்பாய். கணினியில் எந்தக் கட்டத்திலும் எல்லா எழுத்தும் இருக்கும். அதனால் உனக்குப் பிடிபட்டிருக்காது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகுதான், திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கையில் தொலைபேசியோடு காத்திருக்கப்போகிற என் வயதுக்காரர்களை நினைத்தேன். கணினி வைத்திருக்கிற எவரோ அறுபது பேர் பதிந்துவிடுவார்கள். படிவம் மூடிக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக நடந்ததாக உனக்குத் தெரியும்.

தங்கேஸ்வரி வீட்டுக்குப் போனேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தார்.

"அட்டையிலை பிழையில்லை. நீங்கள் அமத்தினதிலையும் பிழையில்லை" என்றேன்.

"அப்ப ஆற்றை பிழை?"

"மகளின்ரை" என்றேன்.

"பாவம், தனியச் செய்த வேலையெல்லோ. ஏசாதேங்கோ" என்றார். பிறகு, "ஆனால் சொல்லுங்கோ" என்றார்.

சொல்லுகிறேன். அந்தக் கட்டத்தில் எழுத்தும் எழுத விடு. அப்படியும் ஒருவர் குறைவாக எழுதினால், கட்டத்துக்குப் பக்கத்தில், தடித்த கறுப்பில், 'பழைய அட்டையானால் ஒன்பது இலக்கத்தோடு கடைசி எழுத்தையும் எழுதுங்கள். புதிய அட்டையானால் பன்னிரண்டு இலக்கமும் எழுதுங்கள்' என்று சொல். செல்லுபடியாகாது என்ற சொல்லை எங்கும் வைக்காதே. மற்றவை உன் விருப்பம்.

இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் முதலாவது குறிப்பாக நான் எழுதியிருப்பது பிழை. அதை எழுதும்போது எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது; ஆகவே வெட்டாமல் விட்டிருக்கிறேன். பிழை உன் படிவத்தில் இருக்கிறது. திருத்தாமல் திங்கட்கிழமை அதைத் திறக்காதே.

அப்பா